சுங்கை சிப்புட்டில் காட்டுப்பன்றித் தொல்லை: அமெரிக்காவைப் போல நமக்கும் துப்பாக்கி உரிமை கிடையாதா?

கிடையாது. இங்கே மலேசியாவில் துப்பாக்கி உரிமை இல்லை, அனுமதிதான். 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கொடுப்பவர் மாநிலப் போலீஸ் தலைவர். தேவையை நீங்கள்தான் காட்ட வேண்டும். பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் தனி உரிமமும் வேண்டும்.

அமெரிக்காவில் 1791-இல் வந்த இரண்டாம் திருத்தம் அதை உரிமையாகவே வைத்திருக்கிறது. ஆனால் அங்கேயும் அது வரம்பற்றது அல்ல. வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் சொன்ன அதே உச்ச நீதிமன்றம், குற்றவாளிகள் துப்பாக்கி வைத்திருப்பதற்கும் பள்ளிக்கூடங்களுக்குள் அதைக் கொண்டுபோவதற்கும் தடை போடலாம் என்றும் சொன்னது. சண்டையே வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான்.

நம் ஊர்க் கதை வேறு. 1948 ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் அரசின் அவசரகாலம் வந்தது, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4-இல் தூக்கிலிட்டது அந்தக் குற்றச்சாட்டில்தான். அவருடைய வழக்கைப் படித்தால், கட்டுப்பாடு என்ற பெயரில் அரசு எவ்வளவு தூரம் போகும் என்பதும் தெரியும்.

இருந்தாலும் என் ஓட்டு லைசென்ஸுக்கே. நட்ட செம்பனைக் கன்றின் குருத்தைப் பன்றி பிடுங்கித் தின்றிருப்பதைக் காலையில் பார்த்தால் வயிறு எரியும், சரி. அதற்காக இரும்புக் குழாயில் செய்த பக்காக்கூக் துப்பாக்கியைத் தொடாதீர்கள். 1971 சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. முதலில் பெர்ஹிலித்தானில் புகார் கொடுங்கள், அப்புறம் வேலி.