பினாங்கில் குப்பை நிர்வாகத்தை மாநகர் மன்றமே வைத்துக்கொள்வது நல்லதா, கோலாலம்பூர் போல மத்திய அரசாங்கத்திடம் விட்டுவிடலாமா?

மன்றத்திடமே இருக்கட்டும். ஆனால் அந்த மன்றம் நம் ஓட்டில் வரவேண்டும். நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் பிறந்தவன், நடுவில் எட்டு வருடம் கோலாலம்பூர் செந்தூலில் இருந்தேன். இரண்டு ஊரிலும் குப்பை கட்டி வாசலில் வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2007இல் நாடாளுமன்றம் திடக்கழிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் 672 என்பார்கள். 2011 செப்டம்பர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. அதை ஏற்றுக்கொண்ட ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் மாநிலங்களிலும் கோலாலம்பூர், புத்ராஜெயாவிலும் குப்பை அள்ளும் அதிகாரம் ஊராட்சி மன்றங்களின் கையை விட்டுப் போனது. குப்பை அள்ளும் தனியார் நிறுவனங்களுக்கு 22 வருடக் குத்தகை. மேற்பார்வை மத்திய அரசாங்கத்தின் எஸ்டபிள்யூகார்ப் கழகத்திடம். பினாங்கும் சிலாங்கூரும் சேரவில்லை.

கோலாலம்பூர் முறையில் நல்லது இல்லாமலில்லை. வாரத்தில் இரண்டு நாள் சமையல் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பழைய சாமானும் என்று கணக்காக வைத்திருக்கிறார்கள். செந்தூலில் அக்கா வீட்டுப் பழைய மெத்தையை அந்த நாளில்தான் ஏற்றிவிட்டோம். பணமில்லாத சின்ன மன்றத்துக்கு இப்படி ஓர் ஏற்பாடு பெரிய உதவிதான். ஆனால் 22 வருடம் என்பது ஒரு பிள்ளை பிறந்து வேலைக்குப் போகும் காலம். அதற்குள் ஊருக்கு வேறு யோசனை தோன்றினால் என்ன செய்வது?

பினாங்குக்கு அப்படி யோசனைகள் தோன்றின. 2009இல் திங்கட்கிழமைகளில் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது என்று ஆரம்பித்து, 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் என்று ஆக்கினார்கள். அப்போது பைக்கு 20 சென். என் அம்மா அந்த 20 சென்னுக்காகவே துணிப்பையை மடித்துக் கைப்பையில் வைக்கப் பழகினார், இன்னும் வைத்திருக்கிறார். வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் கொள்கையையும் சட்டம் 672இல் சேராமலே 2016இல் கொண்டுவந்தார்கள். கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் குப்பையை அள்ளுவதும் ஒரே மன்றமாக இருப்பது இதற்கெல்லாம் பெரிய வசதி.

தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் வந்து பாருங்கள். ரதம் வரும் வழியில் தேங்காய்கள் மலைபோல் உடைகின்றன. கடைசிச் சில்லு விழுந்த கையோடு மன்றத்து ஆட்கள் மண்வாரியோடு இறங்கிவிடுகிறார்கள், பின்னாலேயே லோரி. தார் ரோடு முழுக்க இளநீர் வழுக்கும், அதில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருகிறார்கள். எந்தச் சந்திப்பில் எவ்வளவு தேங்காய் விழும் என்று அந்த ஆட்களுக்கு மனப்பாடம். ஊர் தெரிந்தவனிடம் வேலை இருக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பினாங்குத் தீவில் சேரும் குப்பை தீவில் இருப்பதில்லை. பத்து மாவுங் என்ற இடத்தில் குப்பையை மாற்றி ஏற்றும் நிலையத்துக்குப் போய், கடல் தாண்டி நீபோங் திபாலுக்கு அருகே புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. பக்கத்து பைரம் தோட்டத்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. குப்பை போட்டது நாம், புகையைக் குடித்தது அவர்கள். அந்த மேட்டைப் பற்றி எடுக்கும் முடிவில் பைரம்காரனுக்கு ஓட்டு உண்டா? இல்லை. எனக்கும் இல்லை.

ஊராட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தினார்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. அதற்கு முன் பினாங்குத் தலைநகர் ஜோர்ஜ்டவுனில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தது, டி.எஸ். ராமநாதன் மேயராக இருந்திருக்கிறார், அவர் பெயரில் இங்கே ஒரு சாலையே உண்டு. தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்கு 2012இல் தனிச்சட்டம் போட்டது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆக, இன்றும் கவுன்சிலர்கள் நியமனம்தான்.

அதன் வலி எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பின்சந்தில் யார் யாரோ கட்டிலும் டயரும் கொண்டுவந்து கொட்டினார்கள். டயரில் தண்ணீர் தேங்கிக் கொசு. ஒட்டுக்கடையில் பழக்கமான கவுன்சிலரிடம் சொன்னேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே சிலிப்பரோடு வந்து நின்றார், டயரைக் காலால் கவிழ்த்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த வாரமே சந்து சுத்தமானது. அடுத்த தவணைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் சந்தில் யாரையும் கேட்கவில்லை.

நீங்கள் பினாங்கில் இருந்தால் மன்றக் கூட்டத்துக்கு ஒரு தடவை போய் உட்காருங்கள். சட்டப்படி பொதுமக்கள் வரலாம். நான் போன நாளில் பார்வையாளர் வரிசையில் மொத்தம் நாலு பேர்தான் இருந்தோம்.