களைக்கொல்லியா, பயிர் ஊக்கியா? ஆக்சின் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 2,4-டி என்ற களைக்கொல்லியை அடித்தால் கரிசலாங்கண்ணி சாகிறது. நெல் மட்டும் எப்படித் தப்புகிறது?

பதில்: அது ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் போல வேலை செய்யும் சரக்கு. தன் ஆக்சினை வேண்டிய மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிதைக்கச் செடிக்குத் தெரியும். 2,4-டியை அகன்ற இலைச் செடியால் அப்படிச் சிதைக்க முடியாது. கண்டபடி வளர்ந்து தண்டு முறுக்கி, வீங்கி, சாறு ஓடும் குழாய்கள் அடைபட்டுச் சாகும். நெல் அதைச் சீக்கிரமே செயலிழக்கச் செய்துவிடும். குதிரைவாலியும் புல் இனம் என்பதால் தப்பிவிடும். அது மண்டிய வயலுக்கு இந்த மருந்து வீண்செலவு.

கேள்வி: எவ்வளவு, எப்போது?

பதில்: 2,4-டி சோடியம் உப்பு 80 சதத் தூள், ஏக்கருக்கு 500 கிராம், 250 லிட்டர் தண்ணீரில். நட்டு மூன்று வாரம், களை 3–4 இலை விட்டிருக்க வேண்டும். களையின் இலை வெளியே தெரியும்படி நீரை வடித்துவிட்டுத் தெளியுங்கள். 2 நாள் கழித்து நீர் கட்டலாம். முந்தி அடித்தால் நெல் இலை வெங்காயத்தாள் போலக் குழலாகும். கதிர் உருவாகும்போது அடித்தால் பதர் கூடும்.

கேள்வி: கோரை மறுபடி முளைக்கிறதே?

பதில்: கிழங்குக் கோரை என்றால் தாள்தான் கருகும், கிழங்கு பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: நெல்லுக்கு 2,4-டி அடித்த தெளிப்பானிலேயே பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தோம். இலை சுருங்கிவிட்டது. தத்துப்பூச்சியா?

பதில்: புது இலையைப் பாருங்கள். விரல் விரலாகக் குறுகி, நரம்புகள் நெருங்கி ஓடி, பழைய இலைகள் நன்றாக இருந்தால் அது 2,4-டி. தத்துப்பூச்சி என்றால் இலை ஓரம் மஞ்சளாகிக் கீழ்நோக்கி மடியும். டேங்கில் ஒட்டிய மிச்சமே பருத்திக்குப் போதும். வெறும் தண்ணீரில் கழுவினால் ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஊறியது போகாது. களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைப்பதுதான் மலிவு. 2,4-டியில் எஸ்டர் வகை ஆவியாகிப் பக்கத்து வயலுக்கும் போகும்; பருத்தியோ தக்காளியோ அருகில் இருந்தால் தொடாதீர்கள்.

கேள்வி: மிளகாய்ப் பூ உதிராமலிருக்க என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்) அடிக்கச் சொல்கிறார்கள். அதுவும் ஆக்சின்தானே?

பதில்: ஆமாம், ஆனால் பொருளும் அளவும் வேறு. 4.5 சதக் கரைசலில் 10 லிட்டருக்கு 2.2 மி.லி. போட்டால் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வரும். நட்ட 60, 90ஆம் நாட்களில் தெளியுங்கள். பாட்டில் மூடியால் அளக்காமல் ஊசிக்குழலால் அளங்கள். ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சைக் கழிக்கவும் இதே என்.ஏ.ஏ.தான் தெளிக்கிறார்கள்.

கேள்வி: பாகலில் ஆண் பூவே வருகிறது. இதையே அடிக்கலாமா?

பதில்: என்.ஏ.ஏ. வேண்டாம். அதற்கு எத்திலீன் வாயுவை வெளிவிடும் எத்திபான் 39 சதம், 10 லிட்டருக்கு 2.5 மி.லி. விதைத்த 15ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறையாக நான்கு தடவை. கலந்ததும் அடித்துவிடுங்கள், காரத்தன்மையுள்ள தண்ணீரில் நின்றால் அந்த வாயு டேங்கிலேயே போய்விடும்.