பதில்: மகன் கிரிப்டோ கேசினோவில் விட்ட 68,000 ரூபாய்

மேலூர் அண்ணே, 17 வயசு மகன் உங்க ஜிபேயில் யூ.எஸ்.டி.டி (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ காயின்) வாங்கி 68,000 ரூபாயை விட்டிருக்கான். மீதியை எடுக்கக் கேசினோ கேட்கும் ஆதாருக்கு உங்களுடையதை அனுப்பலாமா என்கிறீங்க. அனுப்பாதீங்க. ஆடியது நீங்கள்தான் என்றாகிவிடும். தமிழ்நாட்டின் 2022 சட்டப்படி ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை உண்டு. 'ஆடியவன் சிறுவன்' என்பதுதான் கையில் இருக்கும் ஒரே பிடி, அதை விடாதீங்க.

கேசினோ கணக்கை மூடும் முன் பதிவுத் தேதி, டெபாசிட் பக்கம், சாட் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. வங்கி ஸ்டேட்மென்டில் 12 இலக்க யூ.டி.ஆர் எண்களை (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள அடையாள எண்) குறிங்க. காயின் டிரான் என்ற பிளாக்செயின் வழி போயிருந்தால் பெறுநர் முகவரி 'T' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், அதையும் குறிங்க. 64 எழுத்துப் பரிவர்த்தனை எண்ணும் வேணும். பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்க. மேலூர் என்பதால் போக வேண்டியது மதுரை மாவட்ட சைபர் கிரைம் போலீஸ், மாநகர போலீஸ் இல்லை.

காயின் விற்றவரை மோசடிக்காரர் என்று எழுதாதீங்க. அவர் சொன்ன காயினைக் கொடுத்துட்டார், புகார் அங்கேயே படுத்துவிடும்.

பொறுப்பு? டெபாசிட் வாங்கும்போது வயசு கேட்காமல், எடுக்கும்போது மட்டும் ஆவணம் கேட்கிற தளம்தான் முதல் குற்றவாளி. 2025 மத்தியச் சட்டத்தில் நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். தளம் குராசோவில் (கரீபியன் தீவு) பதிவாகியிருந்தால் பிடிப்பது கஷ்டம். ஜிபே பின் நம்பர் பையனுக்குத் தெரிஞ்சது உங்க பங்கு, இன்னைக்கே மாத்துங்க.

டெலிகிராமில் 'மீட்டுத் தர்றோம்' என்று வர்றவங்களுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீங்க.