திருவிழாவா, கூட்டமா?

அன்புள்ள ஐயா,

நான் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் வளர்ந்தவன். சுரங்கம் மூடப்பட்ட பிறகு குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்துவிட்டேன். நெடுங்காலம் கழித்து இவ்வாண்டு, புத்தரின் திருநாளான வைசாகப் பௌர்ணமிக்கு மனைவி, மகளுடன் ஊருக்குப் போனேன். சிறுவயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பௌத்தக் கூடத்தில் கொடியேற்றினார்கள்; புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணமும், ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலமும் சொன்னார்கள்; பாயசம் கொடுத்தார்கள். அதன்பின் மதியம் கடந்தும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினார்கள். “இது திருவிழாவா, மீட்டிங்கா?” என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதே நாளை வெசாக் என்று கொண்டாடும் இலங்கையின் அலங்காரங்களைக் காணொளியில் பார்க்கும்போது, நம்முடையது ஏதோ அண்மையில் செய்துகொண்ட ஏற்பாடு போலத் தோன்றுகிறது. என் பள்ளிச் சான்றிதழில் மதம் இந்து என்றே இருக்கிறது. அன்றாடம் எதையும் கடைப்பிடிப்பவனும் அல்லன். பழைய நினைவுகளுக்காக ஆண்டுக்கொருமுறை போய் நிற்பது நேர்மையாகுமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். அது கூட்டம்தான். தங்கவயலின் தமிழ்ப் பௌத்தம் கூட்டங்களில் பிறந்து கூட்டங்களால் வளர்ந்தது. அதன் திருநாளும் கூட்டமாக அமைவதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை.

1898-இல், தமிழ்ப் பௌத்தத்தின் முன்னோடியான அயோத்திதாசப் பண்டிதர் கொழும்புக்குச் சென்று, பௌத்தத் துறவி சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், பெங்களூர், ஹூப்ளி, ரங்கூன் என்று, தமிழ்த் தொழிலாளர்கள் பிழைக்கப் போன ஊர்களில் அதன் கிளைகள் தோன்றின. 1907-இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை, படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பதும், கேட்டதைப் பற்றி விவாதிப்பதுமே அந்தக் கிளைகளின் வழிபாடாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். பண்டிதர் 1914-இல் மறைந்தார். நின்றுபோயிருந்த இதழை 1926-இல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் கொண்டுவந்தது தங்கவயலில் இருந்துதான். பண்டிதரின் எழுத்துகளைச் சென்னை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த காலத்திலும், உங்கள் ஊரின் சித்தார்த்தா புத்தகசாலை அவற்றைச் சிறு நூல்களாக அச்சிட்டது. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்கள், வேறொரு கருவறையையும் வேறொரு பூசாரியையும் தேடிக்கொள்ளாமல், யாரும் எழுந்து பேசக்கூடிய ஒரு மேடையை அமைத்துக்கொண்டார்கள். அந்த மேடை சில நேரங்களில் நம் பொறுமையைச் சோதிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. வரவேற்புரையே தலைமையுரையின் நீளத்துக்குப் போகும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்மையில் செய்துகொண்ட ஏற்பாடு என்கிறீர்கள். நீங்கள் வியந்து பார்க்கும் இலங்கை வெசாக்கின் இன்றைய வடிவத்திலும் அத்தகைய ஏற்பாடுகள் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே வெசாக் நாள் அரசு விடுமுறையானது 1885-இல், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான அமெரிக்கர் கர்னல் ஆல்காட்டும் சிங்கள பௌத்தர்களும் முயன்று பெற்ற பிறகே. ஐந்நிறப் பௌத்தக் கொடியைக் கொழும்பில் ஒரு குழு கூடி வடிவமைத்து, அந்த ஆண்டு வெசாக் அன்றுதான் முதன்முதலில் ஏற்றியது. அதே ஆல்காட்தான் பின்னர் பண்டிதரின் கொழும்புப் பயணத்துக்கும் உதவினார். ஆகவே உங்கள் அப்பா அண்ணாந்து பார்த்த கொடியும் ஒரு கூட்டத்தின் தீர்மானமே. எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார்கள் என்று சொல்ல முடிகிற மரபை நான் தாழ்ந்ததாகக் கருதுவதில்லை. அது மட்டுமன்றி, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்த தீட்சை பெற்றபோது, தங்கவயல் பௌத்தத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதாகியிருந்தது.

சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டியல் சாதிகளை வரையறுத்த 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களும், 1956-க்குப் பிறகு சீக்கியர்களும் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கொள்ளப்பட்டார்கள். பௌத்தர்கள் சேர்க்கப்பட்டது 1990-இல்தான். அதற்கு முன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த ஒரு தகப்பன், பௌத்தம் என்று எழுதினால் மகனுக்கு எந்தெந்தச் சலுகைகள் இல்லாமற்போகும் என்று கணக்கிட்டே பேனாவை எடுத்திருப்பார். உங்கள் மனசாட்சியை அந்தக் காகிதத்தை வைத்து அளக்க வேண்டியதில்லை.

நேர்மையைப் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்களிடம் பக்தி இல்லாதது அங்கே எவருக்கும் பொருட்டாக இருக்காது. அந்த மரபு பக்தியைக் கேட்டு எவரையும் உள்ளே விட்டதில்லை. ஆனால் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் ஊரிலேயே தங்கி, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறவர்கள் பலர். அந்தக் கூடத்தை வெள்ளையடித்து, சந்தா திரட்டி, பாயசத்துக்குப் பாலுக்குச் சொல்லி வைத்தவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் உழைப்பில் நடக்கும் விழாவுக்கு நாம் விருந்தாளியாகப் போய் நெகிழ்ந்து திரும்புவதில்தான் எனக்குச் சிறிது உறுத்தல்.

ஆகவே அடுத்த ஆண்டும் போங்கள். ஒரு வாரம் முன்னதாகப் போய் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் பெட்டியில் பழைய இதழ்களோ துண்டறிக்கைகளோ இருந்தால், எடுத்துப்போய்ப் படியெடுக்கக் கொடுங்கள். பண்டிதரின் ஒரு பத்தியை மேடையில் படிக்க மகளுக்குப் பத்து நிமிடம் கேளுங்கள். அந்தக் காலத்து நடை அவளுக்குக் கடினமாக இருக்கும் என்பதால் இப்போதே உடனிருந்து பழக்க வேண்டும். பேச்சுகள் நீள்கின்றன என்ற அவளுடைய புகாரை, நிகழ்ச்சி நிரல் போடும் குழுவில் நீங்களே சேர்ந்து முன்வைக்கலாம்.