ஈர்ப்பு எந்த வரியில் இடறுகிறது? கையால் போட்டுப் பார்க்கும் கணக்கு

கேள்வி: இயற்பியல் முதுகலை படிக்கிறேன். ஈர்ப்பைக் குவாண்டம் புலக் கோட்பாட்டில் எழுதினால் முடிவிலி வரும், அதனால்தான் மற்ற விசைகளோடு சேராது என்கிறார்கள். முடிவிலி மின்காந்தத்திலும்தான் வருகிறது. அப்படியானால் சிக்கல் எங்கே? நானே போட்டுப் பார்க்கும்படி கணக்கு ஏதாவது உண்டா? ஆய்வகத்தில் சோதிக்க முடியுமா?

பதில்: இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, முதலில் பிரித்துவிடுவோம். ஈர்ப்பைக் குவாண்டமாக்குவது ஒன்று. அதை மற்ற மூன்று விசைகளோடு ஒன்றாக இணைப்பது வேறு. மூன்று விசைகளின் வலுவைக் குறிக்கும் கோடுகள் 10¹⁶ ஜிஇவி (நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலின் அலகு) பக்கத்தில் கூடுவதாகக் காட்டும் பிரபலமான படத்தில் ஈர்ப்பு இல்லவே இல்லை. அந்த மூன்றும்கூட, இன்றைய துகள் கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடலில் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. சூப்பர்சிமெட்ரியை (ஒவ்வொரு துகளுக்கும் ஒரு துணைத் துகள் உண்டு என்னும் கருதுகோள்) சேர்த்தால்தான் கூடுகின்றன. அதற்குத் தேவையான துகள் எதுவும் இதுவரை செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் கருவியான எல்ஹெச்சியில் சிக்கவில்லை. நீங்கள் கேட்பது முதல் கேள்வி. அது தீராமல் இரண்டாவதைத் தொடுவது கடினம்.

இனி கணக்கு. ஹெச்-பார் (பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது), ஒளியின் வேகம் இரண்டையும் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அளவும் ஆற்றலின் அடுக்காகிவிடும். மின்காந்தத்தின் வலு ஏறத்தாழ 1/137, அலகே இல்லாத வெறும் எண். அடுத்து ஈர்ப்புக்குத் தாவாதீர்கள். நடுவில், மெல்விசையால் நடக்கும் பீட்டா சிதைவுக்கு ஃபெர்மி தந்த பழைய கோட்பாட்டைப் போட்டுப் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. அதன் மாறிலி 1.166×10⁻⁵, அலகு ஜிஇவியின் வர்க்கத்துக்குத் தலைகீழ். அலகு இருப்பதால் இந்த எண் தனியாக எதையும் சொல்லாது. மோதலின் ஆற்றலை வர்க்கப்படுத்திப் பெருக்கினால்தான் வலு தெரியும். பீட்டா சிதைவுக்குரிய 0.001 ஜிஇவியில் அது 10⁻¹¹ அளவு, ஒன்றுமே இல்லை. ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால் 293 ஜிஇவியில் 1 ஆகிவிடும். அதற்கு மேல் கோட்பாடு சொல்லும் நிகழ்தகவு நூறு சதவீதத்தைத் தாண்டும், அதாவது கோட்பாடு செத்துவிட்டது.

நடந்தது என்ன? அந்தச் சுவருக்கு முன்பே, 80.4 ஜிஇவியில் டபிள்யூ துகளும் 91.2-இல் இசட் துகளும் வந்து நின்றன. கிளாஷோ, வைன்பெர்க், சலாம் மூவரும் கட்டிய கோட்பாடு இவற்றைக் கேட்டது, 1983-இல் செர்ன் கண்டுபிடித்தது. ஃபெர்மி ஒரு புள்ளியாக எழுதிய இடத்தில் உண்மையில் ஒரு கனமான துகள் போய்வந்துகொண்டிருந்தது. மெல்விசையும் மின்காந்தமும் இணைந்த கதையின் எலும்பு இவ்வளவுதான்.

இப்போது நியூட்டனின் மாறிலியை அதே அலகில் எழுதுங்கள்: 6.7×10⁻³⁹, அதே ஜிஇவி வர்க்கத்தின் தலைகீழ். நோய் அதேதான். சுவர் மட்டும் 1.22×10¹⁹ ஜிஇவியில் இருக்கிறது, அதுதான் பிளாங்க் ஆற்றல். எல்ஹெச்சியின் 13.6 டிஇவி (13,600 ஜிஇவி) மோதலில் ஈர்ப்பின் வலு சுமார் 10⁻³⁰. கண்ணில் படாததில் வியப்பில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இங்கேதான் கிடக்கிறது. மின்காந்தத்தில் வரும் முடிவிலிகளை நிறை, மின்னூட்டம் போன்ற இரண்டு மூன்று அளவுகளுக்குள் மடித்துவிடலாம். அவற்றை ஒருமுறை அளந்தால் போதும், மிச்சமெல்லாம் கணித்துச் சொல்லலாம். ஈர்ப்பில் ஒவ்வொரு வளையம் (கணக்கின் அடுத்த திருத்தப் படி) கூடும்போதும் ஆற்றலின் வர்க்கம் ஒன்று கூடுகிறது. புது முடிவிலி பழைய உறுப்புகளில் அடங்காமல், காலவெளி வளைவின் வர்க்கம், மும்மடி என்று புதுப்புது உறுப்புகளைக் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் அளந்து தீர்மானிக்க வேண்டிய ஒரு எண். இதற்கு முடிவே இல்லை. முடிவிலி வருவதில் குற்றமில்லை. அளக்க வேண்டிய எண்கள் முடிவில்லாமல் பெருகுவதுதான் குற்றம். பருப்பொருள் இல்லாத ஈர்ப்பு ஒரு வளையத்தில் தப்பித்துவிடுகிறது, பருப்பொருள் சேர்ந்தால் தப்பாது என்று 1974-இல் ட ஹூஃப்டும் வெல்ட்மனும் காட்டினார்கள். இரண்டு வளையத்தில் தனி ஈர்ப்பும் தப்பாது என்று 1980-களின் நடுவில் கோராஃப், சாக்னோட்டி கணக்கிட்டார்கள். அங்கே வரும் குணகம் 209/2880. சுழியாக இருந்திருந்தால் எத்தனை பேருக்கு வேலை மிச்சம்!

மெல்விசைக்குக் கொடுத்த மருந்தையே இங்கேயும் கொடுத்தால்? கொடுத்துப் பார்த்தாயிற்று. வளைவின் வர்க்க உறுப்புகளைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் முடிவிலிகள் அடங்கும் என்று 1977-இல் ஸ்டெல் காட்டினார். ஆனால் கூடவே ஒரு பேய்த்துகள் வருகிறது. நிகழ்தகவை அது எதிர்மறையாக்குகிறது. இழைக் கோட்பாடு ஒரு கனமான துகளுக்குப் பதில் முடிவில்லாத துகள் வரிசையையே இறக்குகிறது, விலையாகப் பத்துப் பரிமாணம் கேட்கிறது. மற்ற விசைகளும் அதிலேயே கிடைப்பதால், நீங்கள் கேட்காத இரண்டாவது கேள்விக்கும் அது பதில் சொல்லப் பார்க்கிறது. அஷ்டேகர் 1986-இல் தந்த மாறிகளிலிருந்து வளர்ந்த வளையக் குவாண்டம் ஈர்ப்புக்கு (இந்த வளையம் முன்பு சொன்ன திருத்தப் படி அல்ல) அந்த ஆசை இல்லை. வெளியின் பரப்பே துண்டு துண்டானது என்று சொல்லி அது வேறு பக்கமாகப் போகிறது.

அலகுக் கணக்கில் தெரியாத முள் இன்னொன்று உண்டு. புலக் கோட்பாட்டில், ஒளி போய்ச் சேர முடியாத இரண்டு புள்ளிகளில் செய்யும் அளவீடுகள் ஒன்றையொன்று பாதிக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. எது எதைச் சென்றடையும் என்று தீர்மானிப்பது காலவெளியின் வடிவம். அந்த வடிவமே குவாண்டமாக ஆடினால் விதியை எதை வைத்து எழுதுவது? என் கணிப்பில் முடிவிலியைவிட இதுதான் ஆழமான சிக்கல்.

அதற்காகக் குவாண்டம் ஈர்ப்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். குறைந்த ஆற்றலில் அது ஒழுங்காக விடை தருகிறது. இரண்டு பொருள்களுக்கு இடையிலான நியூட்டனின் நிலை ஆற்றலுக்கு வரும் குவாண்டம் திருத்தம் 41/(10π) மடங்கு பிளாங்க் நீளத்தின் வர்க்கம், வகுத்தல் தொலைவின் வர்க்கம். பிளாங்க் நீளம் 1.6×10⁻³⁵ மீட்டர். ஒரு மீட்டர் தொலைவுக்குப் போட்டால் திருத்தம் சுமார் 3×10⁻⁷⁰. விடை சரி, அளக்கத்தான் முடியாது.

கணக்கில் மாணவர்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு. குறுக்கப்பட்ட (8π-இன் வர்க்கமூலத்தால் வகுத்த) பிளாங்க் நிறை 2.4×10¹⁸ ஜிஇவி, முழு நிறை 1.22×10¹⁹. இரண்டையும் கலந்தால் விடை ஐந்து மடங்கு பிசகும், வர்க்கத்தில் இருபத்தைந்து. அடுத்து, 'ஈர்ப்பு 10³⁶ மடங்கு மெலிந்தது' என்பது இரண்டு புரோட்டான்களுக்கு மட்டும். இரண்டு எலக்ட்ரான்களுக்கு அது 10⁴² ஆகிவிடும். எந்தத் துகள் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

ஆய்வகத்துக்கு வருவோம். பிளாங்க் ஆற்றலை எட்ட வழியில்லை. ஆனால் ஈர்ப்பு குவாண்டம் தன்மை உள்ளதா என்று மட்டும் கேட்கும் ஒரு திட்டம் 2017-இல் வந்தது. 10⁻¹⁴ கிலோ எடையுள்ள இரண்டு நுண்மணிகளை, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கும்படி வைத்து, ஈர்ப்பு மட்டுமே அவற்றைப் பின்னுகிறதா (இரண்டின் குவாண்டம் நிலையையும் பிரிக்க முடியாதபடி இணைக்கிறதா) என்று பார்க்க வேண்டும். நெருங்கிய தொலைவு 200 மைக்ரோமீட்டர், நேரம் 2.5 நொடி என்று எடுத்துக்கொண்டு, நியூட்டன் மாறிலி பெருக்கல் நிறையின் வர்க்கம் பெருக்கல் நேரம், வகுத்தல் ஹெச்-பாரும் தொலைவும் என்று போடுங்கள் (இங்கே சாதாரண எஸ்ஐ அலகு). கட்ட மாற்றம் (குவாண்டம் அலை நகரும் அளவு) 0.8 ரேடியன் வரும், கருவியில் தெரியக்கூடிய அளவு. இன்னும் நெருக்கினால் காசிமிர் விசை (மிக அருகிலுள்ள பொருள்களுக்கிடையே எழும் குவாண்டம் மின்காந்த விசை) ஈர்ப்பை மூழ்கடித்துவிடும். விலக்கினால் சமிக்ஞை தேயும். இடையில் ஒரேயொரு வாயு மூலக்கூறு மோதினாலும் இரட்டை நிலை கலைந்துபோகும். 2019-இல் அலைத்தன்மை காட்டிய மிகப்பெரிய மூலக்கூறுகளின் எடை 25,000 அணு நிறை அலகுக்குச் சற்று மேல். இந்த மணிகள் அதைவிடப் பல கோடி மடங்கு கனம். பின்னல் தெரிந்தால் ஈர்ப்பு வெறும் செவ்வியல் புலம் அல்ல என்று சொல்லலாம். இழையா வளையமா என்பதை அந்தச் சோதனை சொல்லாது.