குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றம்

கேள்வி: ரயில் வருவதற்கு முன் இங்கிலாந்தில் குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய விடுதிகளில் ஏதாவது பழைய அமைப்புடன் இன்றும் நிற்கிறதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நிற்கிறது. லண்டன் பாலத்துக்குத் தெற்கே, சதர்க் பகுதியில் உள்ள ஜார்ஜ் விடுதியே மாடித் தாழ்வாரத்துடன் அந்நகரில் எஞ்சியிருக்கும் ஒரே வண்டிப் பயணிகள் விடுதி. 1676இல் மூண்ட பெருந்தீ சதர்க்கின் பெரும்பகுதியை அழித்தபோது பழைய கட்டடமும் எரிந்துபோக, அடுத்த ஆண்டே இது மீண்டும் எழுப்பப்பட்டது.

இதன் அழகே தாழ்வாரங்களில்தான் இருக்கிறது. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மரக் கம்பிகள் வரிசையாக நிற்கும் கைப்பிடிச் சுவருடன் இரண்டு அடுக்குகள் தெரியும். படுக்கையறைகளின் கதவுகள் இந்தத் திறந்த தாழ்வாரத்தை நோக்கியே இருந்ததால், உள்ளே தனி நடைவழிக்குத் தேவை இருக்கவில்லை. கீழே வண்டிகள் வந்து நிற்கும் சத்தமும் குதிரைகளின் கனைப்பும் நேராக அறைக்குள் கேட்டிருக்கும்.

முன்பு முற்றத்தின் மற்றப் பக்கங்களிலும் கட்டடம் இருந்தது. வண்டிப் போக்குவரத்தை ஒழித்த ரயிலே இதற்கும் எமனாக வந்தது. கிரேட் நார்தர்ன் ரயில்வே நிறுவனம் இதைச் சரக்குக் கிடங்காகப் பயன்படுத்தி, 1889இல் பெரும்பகுதியை இடித்துவிட்டது. அந்த இழப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது. எஞ்சிய தென்புறம் மட்டும் 1937 முதல், பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில், மதுக்கூடமாகவும் உணவகமாகவும் இயங்கி வருகிறது.