உப்பில் இருப்பது நியானா?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகளின் நோட்டில் ‘அணு எண் = புரோட்டான்களின் எண்ணிக்கை = எலக்ட்ரான்களின் எண்ணிக்கை’ என்று இருக்கிறது. சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்தால் மிச்சம் 10. நியானுக்கும் 10 தானே, அப்போ சோடியம் நியானாகிவிடுமா என்கிறாள். என்ன சொல்வது?
— வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் மகளுக்கு ஒரு சபாஷ். நான் வேதியியல் பாடம் எடுத்த காலத்தில் அந்த வரியை மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம், சந்தேகப்பட்டவர்கள் குறைவு.

ஆகாது. முதல் சமன் குறி எப்போதும் சரி. இரண்டாவது, அணு மின்சுமை இல்லாமல் இருக்கும்போது மட்டும் சரி. உட்கருவில் 11 புரோட்டான் இருந்தால் அது சோடியம், எலக்ட்ரான் எத்தனை இருந்தாலும். உங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சோடியம் அயனிக்கு (எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை ஏறிய அணுதான் அயனி) 11 புரோட்டான், 10 எலக்ட்ரான். குளோரைடுக்கு 17 புரோட்டான், 18 எலக்ட்ரான். எலக்ட்ரானை எண்ணிப் பெயர் வைத்தால் நாம் சாம்பாரில் நியானும் ஆர்கானும் போடுகிறோம் என்றாகிவிடும்!

இரண்டுக்கும் 10 எலக்ட்ரான் என்றாலும் குணம் ஒன்றில்லை. நியானிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 21.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். சோடியம் அயனியிலிருந்து அடுத்த எலக்ட்ரானைப் பிடுங்க 47.3 வேண்டும். கூடுதலாக இருக்கும் அந்த ஒரு புரோட்டானின் பிடி அப்படி.

புரோட்டானையே பிடுங்கிவிட்டால்? சோடியம் அணுவின் முதல் எலக்ட்ரான் 5.14 எலக்ட்ரான் வோல்ட்டுக்கே கழன்றுவிடும். அதன் உட்கருவிலிருந்து ஒரு புரோட்டானை எடுக்கக் கிட்டத்தட்ட 88 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆகும். அடுப்போ, அமிலமோ, பேட்டரியோ அந்தப் பக்கம் போகவே முடியாது. அதனால்தான் தனிமத்தின் அடையாளத்தைப் புரோட்டானிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இது தெரிய வந்ததே 1913-ல்தான். அதுவரை அணு எண் என்பது தனிம அட்டவணையில் வெறும் வரிசை எண். எடைப்படி நிக்கல் (58.69) முன்னால், கோபால்ட் (58.93) பின்னால் வர வேண்டும், குணத்தைப் பார்த்தால் தலைகீழ். ஹென்றி மோஸ்லி என்ற இங்கிலாந்து இளைஞர் தனிமங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரே அளவில் படிப்படியாக ஏறியது. உட்கருவின் மின்சுமை ஒவ்வொன்றாகக் கூடுகிறது என்று பொருள்: கோபால்ட் 27, நிக்கல் 28. இரண்டே வருடத்தில், 27 வயதில், முதல் உலகப் போரின் கலிப்போலி போர்முனையில் அவர் சுடப்பட்டு இறந்தார். நோபல் பரிசு கிடைத்திருக்க வேண்டியவர் என்பது என் கட்சி.

‘அப்போ தனிமம் மாறவே மாறாதா?’ என்று மகள் அடுத்துக் கேட்பாள். மாறும். தானாகவே சிதையும் ஒரு வகைக் கார்பனான கார்பன்-14 உட்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாகிறது. 6 என்பது 7 ஆகி, அது நைட்ரஜனாகிவிடுகிறது. சரி, பரீட்சையில் ‘அணு எண் என்பது உட்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை’ என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். எலக்ட்ரானைச் சேர்ப்பதானால் ‘நடுநிலை அணுவில்’ என்ற இரண்டு சொற்களை விட்டுவிடக் கூடாது.